விசாவுக்கு விசாரித்தார்கள், செல்வம் அண்ணே வேறு கதை சொன்னார்

கீழே கொத்து பரோட்டா போடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினால்தான் எங்கள் ஆபீசில் கோடிங் பற்றிப் பேச முடியும். அதையும் மீறி, "தேனி தேனி தேனி" என்று கண்டக்டர்கள் கூவுவார்கள். மத்தியானம் ஆனால் சால்னா வாசம் மாடி ஏறி வந்து வயிற்றைக் கிள்ளும்...

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஓட்டல் மாடியில் நாலு கம்ப்யூட்டர். அதுதான் என் முதல் கம்பெனி. முதலாளி செல்வம், எங்கள் எல்லோருக்கும் அண்ணே. சுற்றியிருக்கும் லாட்ஜ், ஓட்டல்களுக்கெல்லாம் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுப்போம். எழுதுவது நான், டெஸ்ட் பண்ணுவது நான், பில் வரவில்லை என்று லாட்ஜ்காரர் கத்தினால் போனில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான்.

அங்கே இருக்கும்போதுதான் ஆஸ்திரேலியாவுக்கு, வேலை அனுபவத்தைப் பார்த்துக் கொடுக்கும் ஸ்கில்டு விசா போட்டேன். கோச்சடையில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் விமானமே ஏறியதில்லை. சாஃப்ட்வேர் டெவலப்பராக முழு நேரம் வேலை பார்த்தேன் என்று அண்ணே ஒரு லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாதங்கள் ஓடின. அவர் அதை மறந்தே போனார்.

இதற்கிடையில் வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பா சும்மா இருக்காமல் அண்ணேயிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் விசா ஆபீசிலிருந்து மெயில். உங்கள் முதலாளி போனில் சொன்னதும் நீங்கள் கொடுத்த விவரமும் ஒத்துப்போகவில்லை, விளக்கம் கொடுங்கள் என்று. இது ரிஜெக்ட் ஆனால் போச்சு, எல்லாம் போச்சு... அழுகையை அடக்கிக்கொண்டு அண்ணே முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, என்னப் பத்திக் கேட்டு யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பண்ணாங்கம்மா விஜி! போன வாரம், நீ லாட்ஜுக்குப் போயிருந்தப்ப. ஒரு அம்மா, அம்புட்டு மரியாதையாப் பேசுச்சு. எங்கருந்துன்னு சொன்னது பரோட்டா சத்தத்துல காதுல விழல, உன்னப் பத்தி விசாரிக்கணும்னுச்சு. எனக்குப் புரிஞ்சிருச்சு, மாப்ள வீடுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"நல்ல விதமாத்தான் சொன்னேன். பொண்ணு தங்கம், இங்க வேலைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா பொழுதுபோக்குக்கு வந்துட்டுப் போகும், கல்யாணம் ஆனா உடனே நிப்பாட்டிரும், வீட்டு வேலைல கெட்டின்னு... வேற என்ன சொல்லணும்?"

"அய்யோ அண்ணே! அது மாப்ள வீடு இல்ல, விசா ஆபீஸு!"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரைச் சொல்லி என்ன... பெண்ணைப் பற்றி விசாரித்தால் நம் ஊரில் எல்லோரும் இப்படித்தானே சொல்வார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து பதில் தயார் செய்தோம். சம்பளம் பாங்கில் ஏறிய விவரம், நான் எழுதிய சாஃப்ட்வேரின் ஸ்க்ரீன்ஷாட், லாட்ஜ், ஓட்டல்காரர்கள் கொடுத்த சான்று எல்லாம் சேர்த்தோம். பெண் பார்க்க விசாரிக்கிறார்கள் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன், தயவுசெய்து மறுபடி ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று அண்ணே தன் கைப்பட எழுதினார்.

கூப்பிட்டார்கள். இந்த முறை நான் பக்கத்திலேயே இருந்தேன். அண்ணே எழுந்து நின்று பேசினார்.

"மேடம், அன்னிக்கி நான் சொன்னது அம்புட்டும் பொய்! இந்த பஸ் ஸ்டாண்டச் சுத்தி எங்க பில்லு போட்டாலும் அந்த சாஃப்ட்வேர் இந்தப் புள்ள எழுதுனது. இது ஒரு நாள் லீவு போட்டா எனக்குக் காய்ச்சல் வந்துரும். வீட்டு வேலையா? ஒரு டீ போடத் தெரியாது மேடம், சத்தியமா!"

போனுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தது எனக்கே கேட்டது. எனக்கு மானமும் போனது, உயிரும் வந்தது.

விசா வந்தபோது டவுன் பஸ்ஸில் இருந்தேன். மெயிலைப் பார்த்ததும் நான் போட்ட கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். கண்டக்டர் ஓடி வந்து, "என்னம்மா, செயினக் கியினப் பறிச்சுட்டானா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப எல்லாருக்கும் முட்டாய் வாங்கிக் குடு!" என்று பஸ்ஸே சிரித்தது. ஆபீசுக்குப் போனால் அண்ணே நான் சொல்வதற்கு முன்னாலேயே அழுதுகொண்டிருக்கிறார், நான் பஸ்ஸிலிருந்து அப்பாவிடம் சொன்னதை அவர் போனில் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு மாடிக்கும் கீழே ஓட்டலுக்கும் சேர்த்து ஜிகர்தண்டா அவர் செலவு.

இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். போன மாதம் வேலை மாறினேன். புதுக் கம்பெனி என் பழைய மேனேஜரிடம் என்னைப் பற்றிக் கேட்டது. நல்ல மனிதர், தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். சேர்ந்த தேதி, விலகிய தேதி... அவ்வளவுதான் எழுதி அனுப்பினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம், கம்பெனி ரூல்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணேயிடம் போனில் இதைச் சொன்னேன். மனுஷனுக்கு வந்ததே கோபம்...

"ரெண்டே தேதியா? புள்ள நல்ல புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லலயா அந்தாளு? நீ அந்தப் புதுக் கம்பெனி நம்பரக் குடும்மா, நான் பேசுறேன்!"