சத்தம் போடாத மணல்

அக்காவின் கணவர் அன்று என் ஆய்வகத்துக்கு இரண்டு பழைய ஊறுகாய் பாட்டில்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் கருமணல், மற்றதில் வெள்ளை மணல். கருமணலைத் துண்டில் சுற்றி, உடம்பில் படாமல் எட்டப் பிடித்திருந்தார். வெள்ளையைச் சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டிப் போட்டிருந்தார். அந்த வெள்ளை மணல் பாட்டில் இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. அதன் மூடியைத் திறக்கும் தைரியம் எனக்கு இல்லை.

தென்காசிப் பக்கமிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. கட்டட வேலை படுத்துப்போன அந்த மழைக்காலத்தில் அத்தானுக்கு இரண்டு வேலைகள் கைக்கெட்டின. ஒன்று, ஏலூர் பக்கம் ஒரு கிடங்கில் கருமணல் மூட்டை ஏற்றுவது. இன்னொன்று, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு படகுப் பட்டறையில். அங்கே காற்றழுத்தத்தால் வெள்ளை மணலைப் பீய்ச்சியடித்து இரும்புப் படகுகளின் துருவை உதிர்ப்பார்கள். கருமணலில் கதிர்வீச்சு உண்டு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பயம். கல்லூரி ஆய்வகத்தில் கொழுந்தியா ஒருத்தி வேலை பார்க்கும்போது அவர் வேறு யாரைப் போய்க் கேட்பார்?

"எதுல ரேடியேஷன் உண்டு, எதுல இல்ல? அத மட்டும் சொல்லு மேடம்" என்றார். மேடம் என்பது கிண்டல்தான். ஆனால் நான் படித்ததில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை அதிகம்.

கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கருமணலருகே கொண்டுபோனதும் அது படபடவென்று தட்டத் தொடங்கியது. அத்தான் இரண்டடி பின்னால் போய்விட்டார். வெள்ளை மணலுக்கு, அறையில் எப்போதும் கேட்கும் ஒன்றிரண்டு தட்டல்களுக்கு மேல் எதுவுமில்லை. எனக்கோ பாடம் நடத்தும் ஆசை வேறு வந்துவிட்டது. இந்த மணலின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சிலிக்கான், மீதி ஆக்சிஜன் என்று ஆரம்பித்தேன். இயற்கையில் சிலிக்கான் மூன்று வகை, மூன்றும் நிலையானவை. நூறு அணுக்களில் தொண்ணூற்றிரண்டு, சிலிக்கான் இருபத்தெட்டு. பதினான்கு புரோட்டான், பதினான்கு நியூட்ரான். பூமி பிறப்பதற்கு முன்பே ஏதோ நட்சத்திரத்துக்குள் வெந்து உருவானது, இன்றுவரை சிதையவில்லை.

"இது யாரையும் ஒண்ணும் செய்யாது அத்தான். எத்தன கோடி வருஷமானாலும் அப்படியேதான் இருக்கும்."

அந்த மணலை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவர் அவர் மட்டுமல்ல.

மறுநாளே பட்டறையில் சேர்ந்துவிட்டார். மூக்குக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் மாவுமில்லுக்காரர் போலத் தலை முதல் கால்வரை வெளுத்து வருவார். அக்கா அவர் சட்டையை வாசலில் உதறுவாள். வெயிலில் அந்தத் தூசி மினுங்கும். அழகாக இருக்கிறது என்றுகூட நான் ஒருநாள் நினைத்தேன்.

ஐந்தாம் வருடம் பள்ளுருத்தி பஸ்ஸின் படியில் ஏறும்போதே அவருக்கு இரைத்தது. முதலில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். இருமல் அசையவில்லை. பிறகு வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மணல் வேலையா?" என்று மட்டும் கேட்டார். நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். உள்ளே போன தூள் கரையாது, அதைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி இறுகும், இனி குணமாகாது என்றார். நான் நடத்திய பாடத்தில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அது சிதையவில்லை, அப்படியேதான் இருந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிய கடைசி நாட்களில் ஒருமுறை கேட்டார்: "கருமணலுக்குப் போயிருந்தா இதவிட மோசமாயிருக்கும், இல்லையா மேடம்?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் அறிந்தே சொன்ன பெரிய பொய் அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அத்தானின் இடத்தில் ஒரு புது ஆள், முப்பது வயதிருக்கும், தமிழன்தான், பேச்சில் மலையாளம் கலந்துவிட்டிருந்தது. இந்தத் தூள் நெஞ்சைக் கொல்லும், உடனே நிறுத்துங்கள் என்றேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"பேடிக்க வேண்டாம் சேச்சி, பயமே வேண்டாம். இது டெஸ்ட் கழிஞ்ச மணலாக்கும். இங்க முன்ன ஒரு அண்ணன் இருந்தாராம், அவரோட கொழுந்தியா லேபுல மெஷின் வச்சுப் பாத்தாங்களாம். யாரையும் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"அந்தக் கொழுந்தியா நான்தான்" என்றேன். அதற்குள் கம்ப்ரசர் இரையத் தொடங்கிவிட்டது. அவர் கைக்குட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு படகின் பக்கம் திரும்பினார். கத்தினேன். வெள்ளைப் புகை எழுந்து அவரை மறைத்தது. என் கையில் பாட்டில் இருந்தது. அத்தான் கொண்டுவந்த அன்று எவ்வளவு மணல் இருந்ததோ, அவ்வளவும் அப்படியே இருந்தது.