எண்ணெய் கலக்காத பெட்ரோல்

என் மனைவியை மோட்டார் சைக்கிளிலிருந்து விழவைத்தவன் நான்தான். கையால் தள்ளவில்லை... தள்ளியிருந்தாலாவது நாலு பேர் பார்த்திருப்பார்கள், ஊர் கூடி என்னை நன்றாகச் சாத்தியிருக்கும். நான் யாரும் பார்க்காமல் செய்தேன். இன்றுவரை அவளுக்கும் தெரியாது.

அவளிடம் சொல்லத் துப்பில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன். அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்!

மரகதம் அப்போது வாடிப்பட்டிப் பக்கம் கிராமத்து நர்ஸ். நான் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. சிறுமலை அடிவாரத்தில் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே போய்வருவாள். எழுபதுகளின் கடைசியில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கினோம். வாங்கினோம் என்கிறேன் பாருங்கள்... வாங்கியது அவளுடைய சம்பளத்தில்!

எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற வண்டி அது. கீழே சாய்ந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம், அவ்வளவு லேசு. தார் ரோட்டிலும் ஓடும், மாட்டுவண்டித் தடத்திலும் ஓடும், கண்மாய்க்கரையிலும் ஏறும். காலையில் ஆலை வரைக்கும் நான் ஓட்டிப்போய் இறங்கிக்கொள்வேன், அங்கிருந்து அவள் ஊர் ஊராகப் போவாள்.

வறண்டு கிடந்த கண்மாய்க்குள் முதலில் நான் கற்றுக்கொண்டேன், பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சேலைக்கு உள்ளே தன் தம்பியின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி அவள் ஏறி உட்கார்ந்த அன்று ஊரே வேடிக்கை பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் கவலைப்படவில்லை. பெருமையாகக்கூட இருந்தது... அவள் என்னைவிட நன்றாக ஓட்டத் தொடங்கும் வரைக்கும்.

நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மேட்டில் அவள் உட்கார்ந்தபடியே ஏறிவிடுவாள். மணல் கண்டால் நான் காலை ஊன்றிவிடுவேன், அவளோ கொஞ்சம் எழுந்து நின்றாற்போல் ஓட்டிக்கொண்டு கடந்துவிடுவாள். யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை!

ஒரு மழைநாளில் கரைக்கு ஏறுகிற சகதியில் வண்டி மாட்டிக்கொண்டது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முறுக்கியும் சக்கரம் சேற்றை வாரி அடித்ததே தவிர நகரவில்லை.

"நீங்க பின்னாடி ஒக்காருங்க" என்றாள் மரகதம்.

உட்கார்ந்தேன். வண்டி ஏறிவிட்டது. கீழே வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்துக் குலவை போட்டார்கள். "நர்ஸம்மா! ஐயாவ பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேத்துருங்க!" என்று ஒருத்தி கத்தினாள். மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலம் டீக்கடைக்குள் நான் கால் வைக்கும் முன்பே செய்தி வந்திருந்தது.

"என்ன மாப்ள, பொண்டாட்டி இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்தியாம்ல? அம்புட்டுப் பயமா?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் உள்ளே பற்றிக்கொண்டது.

அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் என்ஜின் சூடேறி உள்ளே இறுகிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். பங்கிலிருந்து கேனில் பெட்ரோல் வாங்கிவருவது என் வேலை. எண்ணெய் அளந்து கலப்பது மரகதத்தின் வேலை. மருந்து அளக்கிற கை அல்லவா! ஒரு சொட்டு கூடாது, குறையாது.

மறுநாளைக்கு வேண்டியதை அவள் அன்று மாலையே கலந்து வைத்துவிட்டாள். விடியற்காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அதைச் சாக்கடையில் கொட்டினேன். சைக்கிளை மிதித்துப் பங்குக்குப் போனேன். அதே கேனில் வெறும் பெட்ரோல் வாங்கிவந்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள்தான் தன் கையால் அதை டாங்கியில் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டு பல் விளக்கினேன்.

என்ன நினைத்தேன்? வண்டி வழியில் நிற்கும், தள்ளிக்கொண்டு வருவாள், குலவை போட்டவர்கள் அதையும் பார்க்கட்டும்... அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்! என்ஜின் இறுகினால் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேனா? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

அன்று ஏதோ சாக்குச் சொல்லி ஆலைக்கு நான் சைக்கிளிலேயே போனேன். அவள் கண்மாய்க்கரைமேல் போகும்போது சக்கரம் பூட்டிக்கொண்டது. கரையிலிருந்து உருண்டு விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்தது. தகவல் வந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் மண்ணாகக் கிடந்தாள்.

"தடுப்பூசிப் பெட்டி என்னாச்சுங்க? ஐஸ் கொட்டிருச்சா?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை... அதற்குப் பிறகு செய்தது அதைவிடக் கேவலம்.

நாலாம் நாள் ஒர்க்‌ஷாப்காரர் என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். "நர்ஸம்மா, எண்ணெய் ஊத்தாம ஓட்டிட்டீக. அதேன் பிஸ்டன் கடிச்சுருச்சு" என்றார். மரகதத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இல்லண்ணே... நான் கலந்தேனே. நல்லா ஞாபகம் இருக்கே." அவள் என் பக்கம் திரும்பினாள். "கலந்தேன்தானங்க? நீங்க பாத்தீகள்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேலை அவசரத்துல மறந்திருப்ப, மரகதம். விடு. மறதி யாருக்கு இல்ல?"

எவ்வளவு அன்பாகச் சொன்னேன்! ஒர்க்‌ஷாப்காரர்கூட "அண்ணன் தங்கமான மனுசன், வேற ஆளா இருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது அவள் பழைய மரகதம் இல்லை. மருந்துச் சீசாவைக் கையில் எடுத்து, பெயரைப் படித்து, கீழே வைத்து, மறுபடியும் எடுத்துப் படிப்பாளாம். ஊசி போட்ட பிள்ளையின் தாயிடமே "நான் இப்ப போட்டேன்தானம்மா?" என்று கேட்டாளாம். கூட வேலை பார்த்தவர்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டாள்.

"மறதிக்காரி கையில ஊசி இருக்கலாமாங்க? ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். அவள் அழவில்லை. யோசித்து எடுத்த முடிவு அது.

வண்டியைச் சரிபார்த்து நான் ஓட்டினேன். கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்? டீக்கடை வாசலில் நிறுத்தி இறங்கும்போது ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

சொல்ல முயலவே இல்லையா என்பீர்கள். பலமுறை வாய்வரை வந்தது. பால் அடுப்பில் இருக்கிறதா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவாளே, அப்போதெல்லாம் வரும்... மென்று முழுங்கிவிடுவேன். சொன்னால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம். என் பயத்துக்காக அவளைப் பைத்தியம்போல ஓடவிட்டேன்!

போன மாதம் புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் இப்படி ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, நீங்க அப்பவே கண்மாய்க்கரையில ஓட்டுவீகளாமே! எனக்குச் சொல்லிக்குடுங்கக்கா."

ஒரு கணம் மரகதத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பழைய முகம்! உடனே அது அணைந்தது.

"நான் வேணாம்மா. எனக்கு ஞாபகம் பத்தாது. ஒன்னையும் எங்கயாவது விழவச்சுருவேன். இவருகிட்டக் கத்துக்க. இவரு நெதானமான மனுசன், ஒண்ணையும் மறக்கமாட்டாரு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "எப்ப வரட்டும்ண்ணே?" என்று கேட்டாள்.

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு நம்பிக்கையோடு.

"நாளைக்கே வாம்மா" என்றேன்.