நீல விளக்கு எரிந்தால் நெட் மீது குற்றமில்லை

ஒரு வியாழக்கிழமை போன்

"ஏம்மா, ஒங்க கடையில வாங்குன குச்சிய மேக்குல சொருகுனேன். நெட்டு வரல. நாளைக்குப் பத்தரைக்குள்ள வரலேண்டா எங்க வீட்டுக் கல்யாணமே நின்டு போயிரும்!"

எழுமலையிலிருந்து ஒரு பெரியவர். நெட் மோடத்தை டாங்கிள் என்று நாங்கள் சொல்வோம். ஜனங்களுக்கு அது குச்சி. மேக் என்றால் ஆப்பிள் கம்பெனி லேப்டாப். மதுரை பெரியார் பஸ் நிலையம் பக்கம் அந்தக் குச்சி விற்கிற சின்னக் கடையில் போன் எடுக்கிற வேலை எனக்கு. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. வீடு திருப்பரங்குன்றம். வீடுகளுக்குப் போய் மாட்டிக் கொடுப்பது எங்கள் ஓனர் அண்ணன்தான். அவருக்கு அன்று நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

"நீயே போயிட்டு வாம்மா. பொண்ணு பாக்குற சமாச்சாரம், பொம்பளைப் பிள்ள போனா நல்லதுதான்" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"அண்ணே, மேக்க நான் தொட்டதே இல்லண்ணே."

"விண்டோஸ்ல சொருகுனதும் எந்திரிச்சு வரும். மேக்கு எந்திரிக்காது. குச்சிக்குள்ள இருக்கிற சாப்ட்வேர் பழசு, புது மேக்கு அத ஏறெடுத்தும் பாக்காது. நெட்டு வரணும்னா புது சாப்ட்வேர் வேணும். புது சாப்ட்வேர எறக்கணும்னா நெட்டு வேணும். இந்தக் கூத்துக்குத்தான் இந்தப் பென்டிரைவு. பிடி."

கிளம்பும்போது கடையில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கையால் காட்டினார். எனக்குப் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தப் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒரு வார்த்தை வாங்கியிருந்தார்: கஸ்டமர் பாஸ்வேர்டு காதில் விழலாம், வாயில் வரக்கூடாது. நான் சூடம் ஏற்றிச் சொன்ன வார்த்தை அது.

பொட்டு வைத்த மேக்

வெள்ளிக்கிழமை விடியற்காலை மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எழுமலையில் பெரியவர் வீட்டுக் கூடத்தில் மேக் லேப்டாப் ஒரு ஸ்டூலின் மேல் மஞ்சள் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. மூடிமேல் இருந்த ஆப்பிளுக்கு மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம்.

"நாந்தான் வச்சேன் தாயி. நல்ல காரியம் நடக்கப்போற பொருளு" என்றார் அந்த வீட்டு அம்மா.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெய்வத் துணை இல்லாமல் மேக்கில் டாங்கிள் ஓடாது என்பதைப் பின்னாளில் பல வீடுகளில் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். ஒரே பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். இந்த மேக் அவன் வீட்டில் விட்டுப்போனது. லீவு கிடைக்கவில்லை. அதனால் பெண் வீட்டார் இங்கே வந்து, மாப்பிள்ளையை லேப்டாப்பில் பார்த்துப் பேசிவிட்டுச் சம்மதம் சொல்லப் போகிறார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பையன் முகம் தெரிந்தாக வேண்டும்.

"நானே தேடிப் பிடிச்ச சம்பந்தம் தாயி!" பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். "பையன் போட்டோ கூடக் கேக்கல. 'நீங்க பாத்தா சரிதாம்ப்பா'ண்டுட்டான். இந்தக் காலத்துல எவன் சொல்லுவான்? எங்க பங்காளி மகன் ஒருத்தன் காதல் கீதல்னு வந்து நின்டான். இன்னைக்கு வரைக்கும் அவன் வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்கிறதில்ல. எம் மகன் அப்பிடி வந்தா, தாம்பூலத் தட்டத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருவேன்."

டாங்கிளைச் சொருகினேன். திரையில் ஒரு சிடி படம் வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சா?"

"இல்லங்கய்யா. இது தன்னைச் சிடின்னு சொல்லிக்கிட்டு நிக்கிது. சாப்ட்வேர் போட்டாத்தான் மோடம்னு ஒத்துக்கும்."

"பொய்க்கார நாயி" என்றார் பெரியவர், டாங்கிளைப் பார்த்து.

பென்டிரைவில் இருந்ததைப் போட ஆரம்பித்தேன். மேக் உடனே பாஸ்வேர்டு கேட்டது. இவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மூடுவதும் திறப்பதுமாகவே வைத்திருந்தார்கள். ஒரு நாளும் அணைத்ததில்லை. பையன் நம்பரை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கவில்லை என்று கொல்லைப்பக்கம் போனேன். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. நான் பொய் சொல்லவில்லை.

"அக்கா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்றான் பையன், பாஸ்வேர்டு கேட்டதும்.

"ஒரு எருமை இருக்கு தம்பி."

பிறகு மெல்ல ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, பின்னால் இரண்டு நம்பரும் சொன்னான். அதுதான் பாஸ்வேர்டு.

"தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சொல்றேன். மனசுல ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டு வேற வீட்டுக்காரங்கள வரச் சொல்றது பெரிய பாவம்ப்பா."

"ஐயோ அக்கா! வரப்போறதே அந்தப் பிள்ள வீட்டுக்காரங்கதான்க்கா! தரகர்ட்ட நாந்தான் சொல்லி, அப்பா காதுல போட வச்சேன். அப்பா தானா கண்டுபிடிச்சதா நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சாலும் போச்சு, அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. காலுல வேணாலும் விழறேன்க்கா, சொல்லீராதீங்க."

முருகா, நீ வள்ளிக்காகக் கிழவன் வேஷம் போட்டாய், இவன் தரகரை வைத்து வேஷம் போடுகிறான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். டைப் செய்தேன். திரையில் கறுப்புப் புள்ளிகள்தான் விழுந்தன. அதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

"என்ன தாயி பாஸ்வேர்டு?" பெரியவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சொல்றதில்லைன்னு சாமி முன்னால வாக்குக் குடுத்துருக்கேன்ய்யா."

"என் பேரத்தான் வச்சிருப்பான். எனக்குத் தெரியாதா?" என்றார்.

தலையாட்டிய கட்டம்

சாப்ட்வேர் ஏறி முடிந்ததும் மேக் தானாக அணைந்து எழுந்தது. அந்த இடைவெளியில் டாங்கிளுக்கு நீட்டு ஒயர் மாட்டி, உசிலம்பட்டி டவர் பார்த்த ஜன்னல் கம்பியில் நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். பல்லில் நூல், கையில் குச்சி. வாசலில் ஆட்டோ சத்தம். பெண் வீட்டார் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, கூட சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர்.

பெண்ணின் அப்பாவுக்கு உசிலம்பட்டி. மதுரை–எழுமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் கூடத்தில் நின்றவர்களை ஒரு பார்வையில் எண்ணிவிட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை இதுக்குள்ளதான் இருக்காரு. இந்தா கூப்புடுறேன்!" என்று பெரியவர் மேக் முன்னால் உட்கார்ந்தார். எழுந்து வந்த மேக் பாஸ்வேர்டு கேட்டபடி நின்றது. என் முதுகு அந்தப் பக்கம்.

எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். தப்பான பாஸ்வேர்டு போட்டால் மேக்கில் அந்தக் கட்டம் இடமும் வலமும் ஆடும், மாட்டேன் என்று தலையாட்டுகிற மாதிரி. மூன்றாவது முறையும் தப்பாகப் போட்டால், மறந்துபோனவருக்கு உதவியாகச் சொந்தக்காரர் முன்பே எழுதிவைத்த குறிப்பு ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிடும்.

பெரியவர் ஒற்றை விரலால் இங்கிலீஷில் தன் பெயரை அடித்தார். கட்டம் தலையாட்டியது.

"அட, என் பேருக்கே தலைய ஆட்டுது!"

"ஆத்தா பேரத்தான் வச்சிருப்பான். போடுங்க" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தி. அதுவும் ஆடியது.

"அப்ப கொலசாமி!"

"ஐயா, தொடாதீங்க!" என்று நூலைத் துப்பிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் குலசாமிக்கும் தலையாட்டிவிட்டது. கட்டத்துக்குக் கீழே குறிப்பு வந்து நின்றது, இங்கிலீஷில்.

"என்னமோ எழுதிக் காட்டுதே. சம்பந்தம் பேச வந்தவுக படிச்சவுக, சொல்லுங்க" என்றார் பெரியவர்.

கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தமிழில் சத்தமாகவே சொன்னார்.

"ஈவினிங் பஸ். முன்படி, மொத ஜன்னல் சீட்டு."

பஸ்ஸில் முதல் ஜன்னல் சீட்டு யாருடையது என்பதை அந்த ரூட்டில் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பசுமலையில் காலேஜ் முடிந்து வருகிற தன் மகளுக்காக அவரே துண்டு போட்டுப் பிடித்துவைத்த சீட்டு. எனக்கு அன்று அது தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றி அவர் துடைத்த விதத்தில் பாதி புரிந்துவிட்டது. முருகா என்று கண்ணை மூடினேன்.

"என்னவாம்?" என்றார் பெரியவர்.

"ஏதோ பஸ்ஸு சமாச்சாரம்" என்றார் கண்டக்டர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தாயி, நீ வந்து அடி. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். நீங்களும் திரும்புங்க, அது பையன் சொந்த விஷயம்."

பெரியவர் முனகிக்கொண்டே திரும்பினார். கண்டக்டர் சுவரில் இருந்த காலண்டர் சாமியைப் பார்த்து நின்றார். நான் அடித்தேன். திறந்தது. டாங்கிளில் பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி, பிறகு நீலமாகி அசையாமல் நின்றது. பத்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது. வீடியோ கால் போட்டேன். நெற்றியில் விபூதியோடு பையன் திரையில் வந்தான்.

"வணக்கம் மாமா" என்றான்.

கண்டக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சம்பளம் கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை.

"ஏந்தம்பி, சிங்கப்பூர்ல பஸ்ஸெல்லாம் எப்பிடி? உள்ள அம்புட்டு சீட்டு காலியாக் கெடந்தாலும், அங்கயும் முன்படியிலதான் தொங்கிக்கிட்டு வாரீகளா?"

திரையில் பையன் அப்படியே நின்றுவிட்டான். வாய் பாதி திறந்தபடி. கண் இமைக்கவில்லை.

"போச்சு! நெட்டு நின்டு போச்சே!" பெரியவர் பதறி எழுந்தார். "ஏம்மா, குச்சியப் பாரு!"

ஜன்னலைப் பார்த்தேன். நீலம் நட்டுவைத்த மாதிரி எரிந்தது. ஆமாம், நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் தப்பித்திருப்பான். ஆனால் வெள்ளிக்கிழமை.

"இல்லங்கய்யா. நெட்டு நல்லாத்தான் வருது."

கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக ஆரம்பித்துத் தோள்வரைக்கும் குலுங்கினார்.

"பதறாதீக சம்பந்தி" என்றார். "செத்த நேரம் பொறுங்க. தானா வந்துரும்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் மூச்சு விட்டான். திரை முழுக்க அசைந்தது.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில்தான் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். "நானே தேடிப் பிடிச்ச மருமக" என்று பெரியவர் பந்திக்குப் பந்தி சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர் பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், மேக் மாதிரி இல்லாமல் மேலும் கீழும். பாஸ்வேர்டாக இருந்த அந்தப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். சூடம் ஏற்றிச் சொன்னது சொன்னதுதான்.

அன்று நான் கற்றதைத்தான் அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம் செய்தேன். படம் நின்றுவிட்டது என்று யார் கத்தினாலும் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், முதலில் விளக்கைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் உங்கள் வேலை முடிந்தது. மற்றது அந்த வீட்டுக்காரர்கள் பாடு.