அற்புதராஜ் குரலைக் குறைத்துப் பார்த்த கதை

அற்புதராஜுக்கு மெதுவாகப் பேச வராது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில், கப்பல் தட்டில் கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலையில் சேர்ந்து, அந்தக் குழுவுக்கே மேஸ்திரி ஆனவர். மேலே கிரேன், கீழே லாரி, நடுவில் கடல் காற்று. அங்கே கத்தினால்தான் காரியம் நடக்கும். பணி ஓய்வு பெற்று மார்சிலிங் பேட்டையில் வீட்டோடு இருந்த பிறகும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் எதிர் அடுக்குமாடி புளோக்கில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்க இவர் எழுந்தால், ஒலிபெருக்கி பார்ப்பவர் முன்னெச்சரிக்கையாக மைக்கை அணைத்துவிடுவார்.

அவருக்கும் மனைவி பிலோமினம்மாளுக்கும் ஒரே மகன், மார்வின். பாலிடெக்னிக்கும் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையும் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவன் அறையைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினான். ரயில் நிலைய அறிவிப்புகள் தன்னைப் பற்றியே பேசுகின்றன என்றான். ஆளில்லாத அறையில் ஆட்கள் பேசுவது கேட்கிறது என்றான். மருத்துவமனையில் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று பெயர் சொன்னார்கள். மாத்திரை, ஊசி, யாரும் சரியாகத் தூங்காத மாதங்கள் எல்லாம் கடந்துபோயின. இப்போது மார்வின் சிராங்கூன் சாலையில் கோவிந்தசாமி என்பவரின் மளிகைக் கடையில் பாதி நேர வேலை பார்க்கிறான். குரல்கள் எப்போதாவது வரும். வந்தால் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான ஆளிடம், "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்பான். இல்லை என்றால், அது தன்னுடையது என்று ஒதுக்கிவிட்டுப் பருப்பைப் பொட்டலம் கட்டப் போய்விடுவான்.

இப்படி ஓரளவு நிம்மதியாக இருந்த வீட்டில், ஒரு வகுப்பு வந்து கலகம் செய்தது.

லிட்டில் இந்தியாவில், இந்த நோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்குச் சனிக்கிழமைகளில் தமிழில் வகுப்பு நடந்தது. நடத்தியவர் ரக்ஷனா என்ற இளம் ஆலோசகர். நோய் ஏன் வருகிறது என்பது அன்றைய பாடம்.

"முன்னாடி ஒரு காலத்துல, அம்மா பாசமில்லாம, அதிகாரமா வளர்த்தா இந்த நோய் வரும்னு புத்தகத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. அப்புறம், பெத்தவங்க வாய் ஒண்ணு சொல்லி, முகம் வேற ஒண்ணு சொன்னா, புள்ள குழம்பிப்போய் வரும்னாங்க. ரெண்டுக்கும் ஆதாரம் நிக்கல. பரம்பரை, மூளை, வாழ்க்கையில வர்ற அடி, எல்லாம் கலந்துதான் வருது. இதுல யார் குத்தமும் இல்ல. ஆனா நோய் வந்ததுக்கு அப்புறம் வீடு எப்படி இருக்குங்கறது முக்கியம். ஓயாம திட்டினாலும், கைக்குழந்தையத் தாங்குற மாதிரி ஓயாம தாங்கினாலும், நோய் திரும்பி வர்ற வாய்ப்பு கூடும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிலோமினம்மாள் காதில் 'அம்மா' என்பது மட்டும் விழுந்தது. அற்புதராஜ் காதில் 'திட்டினால்' என்பது மட்டும் விழுந்தது. 'யார் குத்தமும் இல்ல' என்ற வரி இருவருக்கும் நடுவே இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நியூட்டன் நிலையத்தில் ரயில் மாறி ஏறியதும் அற்புதராஜ் ஆரம்பித்தார். "எல்லாம் என்னாலதான் பிலோ. ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சையில, கணக்குல மார்க் கொறஞ்சப்ப எப்படிக் கத்துனேன்! கீழ் வீட்டுக்காரங்க போலீசக் கூப்பிடவான்னு கேட்டாங்க."

"நீங்க கணக்குக்கு மட்டும்தான் கத்துனீங்க. நான் இந்த ஊர் வெயில்ல அவனுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புனவ. போய் வெளையாடுன்னு வாய் சொல்லும், கை சட்டையப் பிடிச்சுக்கும். டீச்சர் சொன்ன ரெண்டாவது கேஸ் நான்தான் லா."

"நீ பாசமாத்தான வளர்த்த?"

"எங்க? சூப்பர்மார்க்கெட்ல அவன விட்டுட்டு, அரிசிய மட்டும் தூக்கிட்டு வந்தேனே. மொத கேஸும் நான்தான்."

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன இருக்கு?" என்று அற்புதராஜ் முழங்கினார். ரயில் பெட்டியே அமைதியானது. அடுத்த நிலையத்தில் இரண்டு பேர் வேறு பெட்டிக்கு மாறினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் திருந்த முடிவு செய்தார்கள். அற்புதராஜ் இனி கிசுகிசுவென்றுதான் பேசுவது. பிலோமினம்மாள் இனி மகனிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பதில்லை. இரண்டுமே அவர்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. அற்புதராஜின் கிசுகிசுப்பு, குக்கரிலிருந்து ஆவி போவது போல் சுவரைத் தாண்டிக் கேட்டது. பிலோமினம்மாளோ கேட்க முடியாத கேள்வியை அடக்கி அடக்கி, சமையலறைக்குள் கணவரை இழுத்துக்கொண்டு போய், "நீங்க கேளுங்க, சாப்பிட்டானான்னு" என்பார்.

"நான் கேட்டா அதட்டுற மாதிரி இருக்கும். நீயே கேளு."

"ஈரத் துண்டக் கட்டில்லயே போட்டிருக்கான். சொல்லவா?"

"சொல்லாத, சொல்லாத!"

சமையலறைக்கு அடுத்த சுவர் மார்வினுடைய அறை.

சில நாள் கழித்து, காலைப் பசியாறும்போது மார்வின் ரொட்டியைக் கீழே வைத்தான். "பா, யாரோ கிசுகிசுன்னு பேசுற மாதிரி உங்களுக்குக் கேட்டுச்சா?"

அற்புதராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் என்ன பேசினோம் என்றும் சொல்ல வேண்டும். துண்டைச் சொல்ல வேண்டும். குறை சொன்னது போலாகிவிடும்.

"இல்லையேப்பா. ஒண்ணும் கேக்கலையே."

மார்வின் அம்மாவைப் பார்த்தான். அவரும் கணவரைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் ரொட்டியை அப்படியே விட்டு எழுந்தான். தானே கிளினிக்குக்குப் போன் செய்து, மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றான். பயந்துபோன பெற்றோரும் கூடவே கிளம்பினார்கள்.

டாக்டர் கதீஜாவுக்குத் தமிழ் தெரியும். "என்ன மார்வின், பழைய குரலா?" என்று கேட்டார்.

"புதுசு டாக்டர். ரெண்டு பேர். ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. ரெண்டும் தமிழ்தான் பேசுது."

"பயமுறுத்துதா? எதையாவது செய்யச் சொல்லுதா?"

மார்வின் யோசித்தான். "என்கிட்ட எதுவும் சொல்லல. அந்தப் பொம்பள, நான் சாப்பிட்டேனான்னு கேக்கச் சொல்லுது. ஆம்பள, நீயே கேளுங்குது. என் துண்டப் பத்திப் பேசுதுங்க. நேத்து தெங்கிரி மீன் வாங்கலாமா, குராவ் வாங்கலாமான்னு ஒரே சண்டை."

மருத்துவரின் விரல் கணினியின் மேல் நின்றது. "ரொம்ப நாளா இந்த வேலையில இருக்கேன், மீன் வாங்குற குரல நான் கேட்டதில்ல" என்று மெல்லச் சொன்னவர், மாத்திரை அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அற்புதராஜ் எழுந்து நின்றார். "டாக்டர்! அது நாங்கதான்!"

அந்தக் குரல் கதவைத் தாண்டியது. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்தார்கள். தாதி ஒருவர் எட்டிப் பார்த்தார். பிலோமினம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "குராவ்தான் நல்லா இருந்துச்சு" என்றார், எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

மருத்துவர் சிரிப்பை அடக்கக் குனிந்து காகிதம் தேடினார். மார்வின் சிரிக்கவில்லை.

"நான் கேட்டேன்ல பா? மூஞ்சப் பாத்துக் கேட்டேன். இல்லன்னு சொன்னீங்க. நீங்க இல்லன்னு சொன்னா நான் என்னைத்தான சந்தேகப்படணும்?"

அற்புதராஜ் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு இது வந்ததே என் வாயாலதான்னு நெனச்சேன்பா. அதான் மூடிக்கிட்டேன்."

"இல்லங்க, என்னாலதான்" என்றார் பிலோமினம்மாள் முந்தானைக்குள்ளிருந்து.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்றான் மார்வின். அது அப்படியே அப்பன் குரல். "என் நோய்க்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க. என்னைக் கேட்டா, எனக்கே தெரியல. துண்டப் பத்தி என்கிட்டயே சொல்லுங்க. கத்திக்கூட சொல்லுங்க. ஆனா சுவத்துக்குப் பின்னாடி சொல்லாதீங்க." பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்க வெகுநேரமானது.

மாத்திரை அளவு மாறவில்லை. அடுத்த சனிக்கிழமை ரக்ஷனா இதைக் கேட்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஒரு குறையை ஒருமுறை, நேராக, பழங்கதை சேர்க்காமல் சொல்வது எப்படி என்று பழக்கினார். அற்புதராஜுக்கு ஒருமுறை என்பது எளிதாக வந்தது. ஊருக்கே கேட்பதால் இரண்டாம் முறை தேவைப்படவில்லை. பிலோமினம்மாள் சாப்பிட்டாயா என்பதை நாளுக்கு ஒருதரம் கேட்கலாம் என்று அனுமதி வாங்கினார். கேள்விகளின் எண்ணிக்கை குறைந்ததும், தட்டில் விழும் சோற்றின் அளவு கூடியது.

ஆண்டு இறுதியில் மார்வினுக்கு உண்மையாகவே ஒரு கெட்ட வாரம் வந்தது. அப்பாவிடம், "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான். அற்புதராஜ் வானொலியை அணைத்துவிட்டு, சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் பேசலப்பா" என்றார். மார்வின் தலையசைத்துக் கிளினிக்குக்குப் போன் செய்தான். இந்த முறை மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள். இரண்டு வாரம் கடைக்கு விடுப்பு. மூன்றாவது வாரம் அவன் திரும்பிப் போனபோது, கோவிந்தசாமி அவனைத் தேங்காய்ப் பிரிவில் போட்டிருந்தார். நல்ல தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுக்கத் தனக்கு இன்னும் வரவில்லை என்று மார்வின் புலம்புகிறான்.