இலையின் வாயை அளந்தவள்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். சின்னவள் அவளுடைய ஓரகத்தி. ஒரு வீட்டு மருமகள்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இலையின் அடியில் நகப்பாலிஷ் பூசி, காய்ந்ததும் டேப்பால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், இலை மூச்சுவிடும் துளைகள் தெரியும். இரண்டு உதடுகள், நடுவே ஒரு வாய். அந்த வாயை அளப்பதுதான் பெரியவளின் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறாள், அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறகு சின்னவள் வந்தாள். வீட்டில் மாமியார், சின்னவள் தொட்டால் எதுவும் நறுவிசாக இருக்கிறது என்பாராம். இங்கே ஆய்வகத்தை நடத்தும் மேடமும் அதையே சொன்னார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

இனி கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து அளக்கும் என்றார் மேடம். அதற்குக் கற்றுக்கொடுக்க, படங்களில் வாயைச் சுற்றி மவுஸால் கோடு போட்டுத் தர வேண்டும். இருவரும் போடுவார்கள், ஒருத்தி போட்டதுதான் கம்ப்யூட்டருக்குப் போகும், அது சரியாக அளந்தால் அவளே அந்த வேலைக்குப் பொறுப்பு. சின்னவளை முந்தியாக வேண்டுமென்று பெரியவள் மவுஸைப் பறக்கவிட்டாள். சின்னவள் ஆற அமரப் போட்டாள்.

யாருடையதை எடுத்தார் என்று மேடம் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் அவர் சின்னவளின் தோளைத் தட்டிச் சிரித்ததைப் பெரியவள் பார்த்துவிட்டாள். போதாதா? சின்னவளுடையதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மேடத்தையே கேளேன் என்றேன். என்மேல் எரிந்து விழுந்தாள். எனக்கென்ன வந்தது, விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் அளந்ததையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குடைந்தாள். தப்பு கிடைத்தது. படங்களை அச்செடுத்து, எல்லோர் முன்னாலும் மேடத்தின் மேஜையில் பரப்பினாள்.

"பாருங்க மேடம், வாயை மட்டும் அளக்கணும். இது உதட்டையும் சேர்த்து அளக்குது. சொல்லிக்கொடுத்தவங்களுக்கு வாய் எது, உதடு எதுன்னே தெரியல. இதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொருத்தரோடதைக் கொடுங்க."

மேடம் கம்ப்யூட்டரில், கற்றுக்கொடுக்கக் கோடு போட்ட பழைய படங்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. இது நீங்க போட்ட கோடு. உங்க அனுபவத்தை நம்பி உங்களோடதைத்தான் கொடுத்தேன்."

பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, அவள் போட்டதைக் கொண்டுவரச் சொன்னார்.

சின்னவள் பென் டிரைவோடு வந்தாள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் சின்னவள்.