இடது கால் மட்டும் வீங்கியிருந்தது

1981-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மில்லில் ஷிப்ட் வேலை. என் மனைவிக்கு எட்டாவது மாதம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு எங்கள் முதல் கரு ஐந்தாவது மாதத்தில் கலைந்துபோயிருந்தது. முந்தின நாள் அவள் தெருக்குழாயிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் சுமந்திருந்தாள். அதனால்தான் கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதனால் இந்த முறை ஐந்தாவது மாதம் தொடங்கிய அன்றே அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, துணி அலசுவது எல்லாம் நான்தான். வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காவிடம், "அவ எழுந்து நடந்தா எங்கிட்ட சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவேன். பெண்டாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

முதுகு வலிக்கிறது என்பாள். தலையணையை மாற்றி வைப்பேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்பாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டால் மட்டும் கூடாது என்றுவிடுவேன்.

ஒரு நாள் காலையில் இடது கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததும் வலி இன்னும் கூடியது. அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பஸ்ஸிலேயே அவள் காலடியில் குந்தி, கெண்டைச் சதையை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினேன்.

பக்கத்து சீட்டில் டிபன் கூடையோடு இருந்த ஓர் அம்மாள் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மொதல்ல கைய எடுங்க."

"சதை இழுத்துக்கிச்சுங்க..."

"ரெண்டு காலையும் பாருங்க. ஒண்ணுதான வீங்கியிருக்குது? தொட்டா சுடுது. இதுமேல இனிமே கையே வைக்காதீங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாகவும், டியூட்டிக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும் அவர் சொன்ன பிறகுதான் அடங்கினேன். இறங்கியதும், "நீ நடக்காதம்மா" என்று என் மனைவியை நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே போய் சக்கர நாற்காலியோடு வந்தார். வரிசையில் நிற்கவிடாமல் நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தேய்த்த தேய்ப்பில் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தால் பஸ்ஸிலேயே உயிர் போயிருக்கலாமாம்.

"எத்தனை நாளா படுக்கையில இருக்காங்க?"

"மூணு மாசமா."

"அசையாம படுத்தே கிடந்தா ரத்தம் இப்படித்தான் உறையும். யார் படுக்கச் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். "நான்தாங்க."

வார்டில் சேர்த்து ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இனி நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, பஸ்ஸில் பார்த்த அதே நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்தார். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, மெதுவாக எழுந்து வராந்தாவில் நடப்பது, மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிடுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். பாதத்தை எப்படி அசைப்பது என்று என்னையும் ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி வைத்துச் செய்யச் சொன்னார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தரையில் கால் ஊன்றி எழுந்தாள். வராந்தாத் தூண் வரைக்கும் போனாள். அங்கே நின்று அழுதாள். வலிக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"வலிக்கலங்க. மூணு மாசமா கூரை ஓடுங்களையே எண்ணிக்கினு கெடந்தேன். எழுந்தா நீங்க பயப்புடுவீங்களேன்னு பேசாம இருந்தேன். எனுக்கும் பயந்தான். உனுக்கு எப்படியிருக்குதுன்னு நீங்க ஒருநாளும் கேக்கலியே."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டில் வரைக்கும் கூடவே நடந்தேன். அதன் பிறகு தினமும் காலையும் மாலையும் நடந்தோம். முதுகுவலிகூட பாதியாகக் குறைந்துவிட்டது என்றாள்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து யாருக்காவது நல்லது செய்யப் புறப்பட்டால், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்கத் தெரியாமல் இரண்டு உயிரைப் பறிகொடுக்க இருந்தவன் நான்.