ஸ்டெல்லா அக்கா குடித்த அந்த ஒரு கிளாஸ்

ஸ்டெல்லா அக்காவை அவர் புருஷனே குத்திக் கொன்றுவிட்டான். இன்று காலை, கிளியனூரில், சொந்த வீட்டு வாசலில்.

திண்டிவனத்தில் எங்கள் டூர் ஆபீஸில் வெளிநாட்டு குரூப்களை அழைத்துப் போகிறவர் அக்காதான். நான் அவருக்கு அசிஸ்டென்ட். அந்தந்த நாட்டுச் சாப்பாடு, அந்த ஊர் ஒயின், அங்கே வீட்டில் காய்ச்சும் சரக்கு... இவற்றை ருசி பார்ப்பதற்கென்றே போகிற டூர் அது.

நான் இங்கே ஃபேஸ்புக்கில் எதுவும் எழுதுகிறவள் இல்லை. லைக் போடவே ரொம்ப யோசிப்பேன்.

ஆனால் மதியத்திலிருந்து ஒரு ஃபோட்டோ வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றுகிறது. அக்கா கையில் ஒயின் கிளாஸ்... கீழே "குடிகாரிக்கு இதுதான் கதி" என்று.

அந்த ஃபோட்டோ எடுத்த இடத்தில் நான் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அக்கா குடிக்க மாட்டார், ருசி மட்டும் பார்ப்பார். ஒரு மடக்கு வாயில் வைத்துக் கொஞ்சம் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

வியட்நாமில் பாட்டிலுக்குள் பாம்பை ஊறவைத்த சாராயம் கொடுத்தார்கள். எங்கள் குரூப்பில் வந்த மயிலத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"நம்மூர்ல பாம்பப் பாத்தா அடிப்போம். இவனுங்க ஊற வச்சிக் குடிச்சிக்கினு கீறானுங்க!"

"செத்த பாம்புக்கு இன்னாண்ணே பயம்? எறங்குங்க, ஒரு சொட்டு நாக்குல வைங்க" என்றார் அக்கா. முதலில் வைத்துத் துப்பியதும் அவர்தான்.

ஒவ்வொரு டூர் முடிந்து வந்ததும் அக்காவை அவர் புருஷன் வீட்டு வாசலிலேயே நிறுத்துவான். "ஊதுடி" என்பான். செக்போஸ்ட்டில் லாரி டிரைவரை ஊதச் சொல்வார்களே, அப்படி... கையில் பெட்டியோடு, தெருவே பார்க்க.

அவனுக்குத் தினமும் சாயங்காலம் பிராந்தி வேண்டும்.

ஒருநாள் அக்கா உதடு கிழிந்து ஆபீஸுக்கு வந்தார். நான் அதையே பார்த்தேன். அவரே சிரித்தார்.

"ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல வுட்டுட்டான் பாப்பா. வூட்டு கஸ்டம்ஸ்ல மாட்டிக்கினேன்."

"விட்டுடுங்களேன் அக்கா..."

"எத்த வுட சொல்ற? வேலையவா, அந்தாளையா?"

போன வாரம் ஜார்ஜியா போயிருந்தோம். ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் குட்டி நாடு. ஒரு விவசாயி வீட்டில் விருந்து... மண்ணுக்குள் புதைத்த பெரிய பானைகளில் அவரே செய்த ஒயின். வால்நட் அரைத்துத் தடவிய கத்திரிக்காயை, "நம்ம மல்லாட்டைத் தொவையல்தான்யா இது" என்று எல்லோரும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விருந்து கொடுப்பவர் எழுந்து நின்று யாரையாவது நினைத்துப் பேசுவார். பேசி முடிக்கும்வரை யாரும் கிளாஸில் வாய் வைக்கக் கூடாது.

அன்று அந்த விவசாயிப் பெரியவர் இறந்துபோன தன் மூத்த மகனைப் பற்றிப் பேசினார். அங்கிருந்த கைடு மகன் பெயரைச் சொல்லி விளக்கினார். பாஷை புரியாவிட்டாலும் குரல் புரிந்தது.

பேச்சு நடுவில், விழுப்புரத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் ஊர்ப் பழக்கத்தில் கிளாஸில் தண்ணீரைக் கவிழ்த்தார், சோடாவையும் கலந்தார். மடமடவென்று குடித்துவிட்டு, கொண்டுவந்த ஊறுகாயைத் தொட்டு நக்கினார்.

பெரியவர் அந்த கிளாஸைத் தட்டிவிட்டார். அண்ணன் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். "யார் மேல கை வைக்கிற?"

தட்டுகள் பறந்தன... பாட்டில் உடைந்தது. அண்ணன் நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியது. பெரியவரின் இளைய மகன் கறி வெட்டிய கத்தியோடு பாய்ந்து வந்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அக்கா நடுவில் புகுந்தார். கத்தி இருந்த கையை மணிக்கட்டில் பிடித்து முறுக்கினார். இன்னொரு கையால் நம் அண்ணனுக்கு ஓங்கி ஒரு அறை.

"உக்காரு! செத்த புள்ளையப் பத்திப் பேசிக்கினு கீறாரு மனுசன். உனுக்கு சோடா கேக்குதா?"

பிறகு ஒரு கிளாஸ் நிறைய ஒயின் ஊற்றினார். பெரியவர் எதிரே போய் நின்று, அந்த மகன் பெயரைச் சொல்லி, ஒரே மூச்சில் குடித்தார்.

துப்பவில்லை.

பெரியவர் அக்கா தோளில் சாய்ந்து அழுதார். இளையவன் கத்தியை மேசையில் வைத்துவிட்டான்.

அந்த நேரத்தில் குரூப்பில் ஒருவர் எடுத்த ஃபோட்டோதான் அது. "எங்கள் உயிரைக் காப்பாற்றிய சகோதரி" என்று நேற்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்... யாரோ அதை அக்கா புருஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி, அக்கா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாராம். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். ஊதச் சொல்லவும் இல்லை. கழுத்தில், முதுகில், தடுத்த இரண்டு கைகளிலும்...

மார்ச்சுவரி வாசலில் அக்காவின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது திராட்ச ஜூஸுன்னு ஃபேஸ்புக்ல போட்டுடும்மா. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவாங்க. சர்ச்சுக்கு எடுத்துக்கினு போவணும்... நாலு பேர் வாய அடைக்கணும்மா."

சாயங்காலம் முழுக்க அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஜூஸ் என்று எழுதினால், அன்று அக்கா செய்தது எதுவுமே அந்தப் படத்தில் இல்லாமல் போய்விடும்.

ஜூஸ் என்று எழுதச் சொன்ன அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள். அது ஒயின்தான். கிளாஸ் முழுக்க இருந்தது, முழுவதையும் குடித்தார்.

நாளை காலை கிளியனூரில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

கிளம்புங்க அக்கா... கமெண்டில் வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.